முதல் விலைக்கே சரி

என் அக்காள் கணவருக்கு எங்கள் தெருவில் 'பாதி' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் அதில் பாதிதான் சரக்கு, மீதி பேரத்துக்கென்று ஏற்றி வைத்த காற்று என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. தச்சர் பத்து நாள் ஆகும் என்றால் ஐந்தாம் நாள் போய் நிற்பார். டாக்டர் ஏழு நாளைக்கு மாத்திரை எழுதினால் மூன்றரை நாள் விழுங்குவார். அந்த அரை நாள் விஷயத்தில் அவர் காட்டுகிற நேர்மையை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. நான் அவரை மச்சான் என்று கூப்பிடுகிறேன். தெருவில் அவரை முழுசாகக் கூப்பிடுகிற ஒரே ஆள் நான்தான்.

கடையில் நாங்கள் விற்பது பழைய கதவு, சன்னல், நிலை. இடிபடுகிற வீடுகளிலிருந்து வாங்கி வருவோம். ஆணிகளைப் பிடுங்குவோம். ஓட்டைகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, தேய்த்து, மேலே வார்னிஷ் அடிப்போம். அத்துடன் அந்தக் கதவு தன் பழைய வாழ்க்கையை மறந்துவிடும். பிறகு அது என் கைக்கு வரும். படம் பிடித்து வாடிக்கையாளர்களின் போனுக்கு அனுப்புவது என் வேலை. எந்தக் கதவுக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. எந்த வெளிச்சத்தில், எந்தக் கோணத்தில் வைத்தால் செல்லரித்த மூலை நிழலுக்குள் போகும் என்பது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். கெட்ட பக்கம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கும், தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி.

மச்சான் மட்டும் படத்தைப் பார்த்து எதையும் வாங்கமாட்டார். "உன்ன மாதிரி ஊருக்கு நாலு பேர் இருப்பானுங்கல்ல மாப்ள" என்பார். நேரில் போய், சட்டைப் பையிலிருந்து ஒரு சைக்கிள் கம்பியை எடுத்து, கதவில் சந்தேகப்பட்ட இடத்தில் குத்துவார். மேலே கடுகளவு ஓட்டை தெரியும். கம்பி பாட்டுக்கு விரல் நீளத்துக்கு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். விற்க வந்தவன் முகம் தொங்கிப்போகும். மச்சான் கம்பியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லு, என்ன விலை?" என்பார்.

இவ்வளவு தெரிந்த மனிதருக்குத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆணி குத்தியது.

ஒரு பழைய மாட்டுக்கொட்டகையை இடித்த மரம் லாரியில் வந்திருந்தது. சாணமும் மண்ணும் ஒட்டிக்கொண்டிருந்த நிலைகளை ஆட்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். "பாத்து இறக்குங்கடா, கால்ல கையில குத்திக்கப் போறீங்க" என்று கத்திக்கொண்டே மச்சான் பின்னால் ஓர் அடி வைத்தார். அங்கே ஒரு பலகை, மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்த ஆணியோடு அவருக்காகவே காத்திருந்தது. செருப்பைத் துளைத்து, பாதத்தைத் துளைத்து நின்றது. ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் மூன்றடிப் பலகையுமாக நின்றார்.

"மாப்ள, பலகைய மிதி" என்றார்.

இரண்டு காலையும் பலகையின் மேல் வைத்து நின்றேன். அவர் காலை மேலே இழுத்தார். பாட்டில் மூடி கழல்கிற மாதிரி ஒரு சத்தம். மச்சான் முதலில் பார்த்தது செருப்பை.

"போன மாசம்தான் வாங்கினேன்" என்றார் வருத்தத்தோடு. ரப்பரில் ஓர் ஓட்டை. அதிலிருந்து ஒரு துணுக்கைக் காணோம். அதைப் பற்றி அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

பாதத்தில் இரண்டு சொட்டு ரத்தம். அவ்வளவுதான்.

"பாத்தியா, ரத்தமே வரல. ஒண்ணுமில்ல." பலகையைத் தூக்கி ஆணியை வெளிச்சத்தில் காட்டினார். "துருவும் இல்ல. எப்படி மின்னுது பாரு. துரு இல்லேன்னா விஷம் இல்ல."

அதற்குள் தெருவே வைத்தியம் பார்க்க வந்துவிட்டது. வார்னிஷ் கடைக்காரர் ஸ்பிரிட்டை ஊற்றச் சொன்னார். பசைக் கடைக்காரர், "நம்மகிட்ட ஒரு பசை இருக்கு, ஒரு சொட்டு வெச்சா தோல் தெரியாம ஒட்டிக்கும்" என்றார். இரும்புக் கடைக்காரர் கிரீஸ் நல்லது என்றார். ஒவ்வொருவரும் தத்தம் கடையில் விற்காமல் கிடப்பதையே மருந்தாகச் சிபாரிசு செய்தார்கள். எதிர்வரிசை மெத்தைக் கடைக்காரர்தான், "நல்லா படுத்து ஓய்வெடுங்க" என்றார். அவரிடமும் எனக்குச் சந்தேகம் உண்டு.

கடைக்கு மேல்மாடிதான் வீடு. சத்தம் கேட்டு அக்காள் இறங்கி வந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு சின்ன ஆணி."

"டிடி ஊசி போட்டுக்கணும். கெளம்புங்க."

"அதெல்லாம் போட்டிருக்கேன்."

"எப்போ?"

"முந்தி."

"முந்தின்னா?"

"முந்தின்னா முந்திதான். உடம்புக்குள்ள போன மருந்து எங்க போயிடும்? உள்ளதான் இருக்கும்."

"ஏங்க, நான் என்ன கதவா வாங்க வந்திருக்கேன், எங்கிட்ட இப்படிப் பேசுறீங்க? ஒண்ணு நேரா கிளினிக்குக்குப் போங்க. இல்லேன்னா அந்த டாக்டர்கிட்ட போன்லயாவது காட்டுங்க. போட்டோ அனுப்பினா பாத்துச் சொல்றாங்களாம். ரெண்டுல ஒண்ணு நடக்கணும், இப்பவே." சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ தீயும் வாசம் வரவே மாடிக்கு ஓடினாள்.

இரண்டில் ஒன்று என்றதும் மச்சான் முகத்தில் வெளிச்சம் வந்தது. போட்டோ!

"மாப்ள, போனை எடு."

அன்றைக்கு நாங்கள் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். காலைக் கழுவினோம். நல்லதுதான். ஆனால் ஓட்டையைச் சுற்றி அதற்குள் கொஞ்சம் சிவந்து வீங்கியிருந்தது, படத்தில் அது நன்றாக விழவில்லை. மச்சான் மேசை இழுப்பறையிலிருந்து முகப் பவுடரை எடுத்து மெல்லப் பூசினார். காலைக் கடை வாசலுக்குத் திருப்பினோம். நேர் வெளிச்சத்தில் ஆழம் தெரியாது என்பது தொழில் பாடம். பின்னணி வெறும் சிமெண்ட் தரையாக இருந்தது கண்ணுக்கு உறுத்தலாக இருக்கவே, அன்று காலைதான் வார்னிஷ் காய்ந்த ஒரு தேக்குக் கதவைப் படுக்கவைத்து, அதன்மேல் பாதத்தை வைத்தார். நான் மூன்று படம் எடுத்து, இருப்பதிலேயே நல்லதை என் போனிலிருந்து அனுப்பினேன். பார்த்தால் யாருக்கும் காலை வாங்கத் தோன்றும்.

ஐந்து நிமிடத்தில் டாக்டர் கூப்பிட்டார். இளம் பெண்ணின் குரல். ஒலிபெருக்கியில் போட்டோம்.

"என்ன குத்துச்சு?"

"ஆணிங்க டாக்டர். சின்ன ஆணி. நல்ல ஆணி."

"நல்ல ஆணின்னா?"

"துரு இல்லாதது."

"எவ்வளவு ஆழம் போச்சு?"

"சும்மா மேலாப்ல."

"வெறுங்காலா, செருப்பு போட்டிருந்தீங்களா?"

"செருப்பு போட்டிருந்தேங்க. அதனால பாதி செருப்போடயே நின்னுருச்சு."

"கடைசியா டெட்டனஸ் ஊசி எப்போ போட்டீங்க?"

மச்சான் மாடிப்படியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அஞ்சு வருஷத்துக்குள்ளதாங்க."

"சர்க்கரை இருக்கா?"

"இருக்குங்க. ஆனா அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான்."

"சரி, இப்போதைக்கு சோப்பும் தண்ணியும் விட்டு நல்லா கழுவி, சுத்தமா கட்டி வையுங்க. ஆனா..."

பேச்சில் 'ஆனா' வந்துவிட்டால் அதற்குப் பிறகு பேரம் ஆரம்பிக்கும் என்பது மச்சானின் முப்பது வருட அனுபவம். "ரொம்ப நன்றிங்க டாக்டர்!" என்று போனை வைத்துவிட்டார்.

"கேட்டியா? கழுவினா போதுமாம்!"

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் இருந்தது ஒரு நிமிடத்தில் என் போனுக்கு எழுத்தாக வந்து சேர்ந்தது. 'படத்தில் ஆழம் தெரியாது. செருப்பு வழியாகக் குத்தியது, சர்க்கரையும் இருக்கிறது. இன்றே நேரில் வந்து காட்டுங்கள்.'

மச்சானிடம் காட்டினேன்.

"டாக்டருங்கன்னா நேர்ல வாங்கன்னுதான் சொல்லுவாங்க. நாம சொல்றதில்லையா? 'படத்துல பாத்தா போதாது, கடைக்கு ஒரு நடை வாங்க'ன்னு. ஏன் சொல்றோம்? வந்துட்டா வெறுங்கையோட விடமாட்டோம்ல, அதான்."

அக்காளிடம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஏன் என்றால், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அன்று மூன்று சன்னலைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மச்சான் குதிகாலால் நடந்தார். அதற்கடுத்த நாள் கடைக்குள் ஒரு சன்னல் அடுக்கின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே வியாபாரம் பார்த்தார். செருப்பு ஏறவில்லை. என்னுடைய பழைய பெரிய செருப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"ஏங்க நொண்டுறீங்க?" என்றாள் அக்காள்.

"யாரு நொண்டுறா? நிதானமா நடக்கறேன்."

"இருபது வருஷமா இல்லாத நிதானம்."

"அரிக்குது, அவ்வளவுதான். அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம்."

"காலக் காட்டுங்க."

"டாக்டரே பாத்துட்டாங்க. அவங்களவிட உனக்கு அதிகம் தெரியுமோ?"

டாக்டர் பார்த்துவிட்டார் என்பது உண்மைதான் என்பதால் அக்காளால் மேலே ஒன்றும் பேச முடியவில்லை. டாக்டர் பார்த்த காலும் இந்தக் காலும் ஒன்றல்ல என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். பொய்யை விற்றவன்கூட ஒரு கட்டத்துக்குப் பிறகு அதையே நம்பி வாங்கிக்கொள்வான் போலிருக்கிறது. மச்சான் அந்தப் படத்தை என் போனில் அடிக்கடி கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டார். "இதுல பாரு, எப்படி இருக்கு!" என்பார். கீழே அசல் கால் உலைமூடி மாதிரிச் சுட்டுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை ஒரு பெரிய வீட்டை இடிக்கிறார்கள் என்று தகவல் வந்தது. எட்டுத் தேக்குக் கதவு. இடிக்கிற காண்ட்ராக்டருக்குத் தெருவில் 'சுத்தியல்' என்று பெயர். மச்சானும் அவரும் இருபது வருடமாக ஒருவரையொருவர் ஏமாற்றி, அதனால் ஏற்பட்ட மரியாதையில் வாழ்கிறவர்கள். அவர்கள் பேரம் பேசினால் வேலையாட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து கேட்பார்கள். ஒரு பேரத்தின் நடுவில் இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போய், சாப்பிட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"படம் அனுப்பட்டுமா?" என்று சுத்தியல் போனில் கேட்டார்.

"படத்தைப் பாத்து வாங்குறவனா நான்? நேர்ல வரேன்" என்றார் மச்சான். சொன்னபோது அவருக்கே உறுத்தியதா என்று முகத்தைப் பார்த்தேன். முகம் சிவந்து, வியர்த்திருந்தது. காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது.

இடிந்த கல்லிலும் மண்ணிலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எட்டுக் கதவும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மச்சான் முதல் கதவுக்கு முன்னால் போய், அதைப் பார்க்காமல், அதன்மேல் சாய்ந்துகொண்டார். கண்ணை மூடித் திறந்தார்.

சுத்தியல் தொண்டையைச் செருமிக்கொண்டு விலையைச் சொன்னார். சொன்ன விலை அநியாயம் என்பது அங்கே கல் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக்கூடத் தெரியும். வேலையாட்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே கிட்டே வந்து நின்றார்கள்.

மச்சான், "சரி" என்றார்.

மேலே தட்டிக்கொண்டிருந்த சம்மட்டி நின்றது. சுத்தியல் ஒரு காதைச் சாய்த்தார்.

"என்ன சரி?"

"சரிப்பா. எடுத்துக்கறேன்."

சுத்தியலின் முகம் வெளுத்தது. இருபது வருடத்தில் அவர் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. "இல்ல... கொஞ்சம் கொறச்சுக்கலாமே" என்றார் தயங்கித் தயங்கி.

"வேணாம். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சுத்தியல் என்னைத் தனியாக இழுத்தார். "தம்பி, என்ன ஆச்சு இவருக்கு? வீட்டுல யாருக்கும் ஏதும்...? எனக்குப் பயமா இருக்குப்பா."

எனக்கும்தான். கால் வீங்கினபோது வராத பயம், சட்டைப் பையில் கம்பி அப்படியே இருந்ததைப் பார்த்தபோது வந்தது. அக்காளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, மச்சான் முதல் விலைக்கே சரின்னுட்டாரு."

"என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு."

"சுத்தியல் சொன்ன விலைக்கு. அப்படியே. சரின்னுட்டாரு."

"கம்பிய எடுத்தாரா?"

"எடுக்கவே இல்லக்கா."

"அய்யோ" என்றாள். அடுத்த நொடி குரல் மாறிவிட்டது. "ஒரு நிமிஷம் நிக்காத. நேரா கிளினிக்குக்குக் கொண்டா. நான் அங்க இருக்கேன்."

சுத்தியலே தன் வண்டியில் ஏற்றிவிட்டார். உடைந்த ஓடுகளுக்கு நடுவில் மச்சான் காலை நீட்டி உட்கார்ந்து வந்தார். வழியில் ஒரு தடவை, "வண்டி வாடகை என்னன்னு கேட்டியா?" என்றார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "கேக்கல மச்சான்" என்றேன். "சரி, விடு" என்றார். வந்த தெம்பு போய்விட்டது.

டாக்டர் கட்டைப் பிரித்தார். பாதம் முழுக்கச் சிவந்து, மினுமினுத்து, கணுக்கால் பக்கம் ஒரு செங்கோடு ஏறத் தொடங்கியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார், மறுபடியும் காலைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை அனுப்பினது இந்தக் கால்தானா?"

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

"கதவு நல்லா இருந்துச்சு" என்றார் டாக்டர். "போட்டோ எடுத்தது யாரு?"

எனக்கு அப்போது தரையில் பதித்திருந்த ஓடுகள் மிகவும் சுவாரசியமாகத் தெரிந்தன.

"நேர்ல வரச்சொல்லி மெசேஜ் அனுப்பினேனே, பாக்கலையா?"

அக்காள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "என்ன மெசேஜ்டா?"

என் அக்காள் என்னை அடித்து முப்பது வருடம் ஆகிறது. அந்த ஒரு நிமிடத்தில் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை, இன்றுவரை அவள் எனக்குச் செய்த பெரிய உபகாரமாகவே நினைக்கிறேன்.

"கடைசியா ஊசி போட்டது அஞ்சு வருஷத்துக்குள்ளன்னு சொன்னீங்க" என்றார் டாக்டர்.

"ஆமாங்க. அஞ்சு... ஒரு ஆறு வெச்சுக்கங்க" என்றார் மச்சான், கண்ணைத் திறக்காமல்.

"டாக்டர், நான் சொல்றேன்" என்றாள் அக்காள். "கடை ஷட்டர் இவர் கையில விழுந்துச்சு. அப்பத்தான் ஊசி போட்டாங்க. அப்ப என் மூத்தவ வயித்துல ஆறு மாசம்."

"இப்ப அவங்களுக்கு என்ன வயசு?"

"காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பத்து வருஷத்துக்கு ஒரு தடவை போடணும். அழுக்கான, ஆழமான காயம்னா, அஞ்சு வருஷம் தாண்டியிருந்தாலே மறுபடி போட்டாகணும். குத்தின அன்னிக்கே. சின்ன வயசுல முறையா எல்லாம் போட்டாங்களா?"

"யாருக்குத் தெரியும்" என்றார் மச்சான். "ஆனா டாக்டர், துரு இல்லீங்க."

"துருவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கிருமி இருக்கறது மண்ணுல, சாணத்துல, தூசில. புது ஆணியா இருந்தாலும் அதுதான். மேல சின்னதா வாய், உள்ள ஆழம், காத்து போகாது. அந்த மாதிரி ஓட்டை கிடைச்சா அதுக்குச் சொந்த வீடு கட்டின மாதிரி."

"ரத்தம்கூட வரலையே."

"வந்திருந்தா கொஞ்சமாவது கழுவிட்டுப் போயிருக்கும்."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் எங்கள் கடையில் நாங்கள் தினமும் பார்க்கிற சங்கதி. மரத்தில் பார்த்தால் புரிகிறது. சொந்த மாமிசத்தில் பார்த்தால் புரிவதில்லை.

"அந்தக் கிருமி வேலையைக் காட்டினா என்ன ஆகும்?" என்றாள் அக்காள்.

"முதல்ல பெரும்பாலும் தாடை இறுகும். வாயத் திறக்க முடியாது."

"வாயா?"

"வாய்தான்."

அக்காள் மச்சானை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரே ஒரு நொடி, மிகச் சின்னதாக ஒரு சபலம் ஓடியதாக எனக்குப் பட்டது. "அப்புறம்?"

"உடம்பு முழுக்க இழுக்கும். முதுகு வில்லா வளையும். மூச்சு நின்னுடும். வந்தப்புறம் காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம். அது காயம் பட்ட மூணாம் நாளும் வரலாம், மூணு வாரம் கழிச்சும் வரலாம்."

அக்காள் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"இப்ப ரெண்டு ஊசி போடணும்" என்றார் டாக்டர். "ஒண்ணு, உடம்பே எதிர்த்து நிக்கக் கத்துக் குடுக்கறது. அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் காவலுக்கு இன்னொண்ணு. அந்தக் காவல் ஊசி இங்க இல்ல, பெரிய ஆஸ்பத்திரியிலருந்து வரணும், ஆள் அனுப்பிட்டேன். வந்ததும் கைக்கு ஒண்ணா சேத்துப் போட்டுடலாம். அதுக்குள்ள காலைத் திறந்து பாக்கறேன். உள்ள என்னமோ இருக்கு."

"ரெண்டும் வேணுமாங்க?" என்றார் மச்சான் ஈனக் குரலில். "ஒண்ணுல முடிக்க முடியாதா?"

அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேரம் பேசறார்" என்று என்னிடம் சொன்னாள். "உசுரு இருக்குடா."

அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்காள் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள்.

"நீங்களும் அந்தக் கடையிலதான் வேலையா? நீங்க எப்போ ஊசி போட்டீங்க?"

நாக்கு நுனியில் 'அஞ்சு வருஷத்துக்குள்ள' தயாராக நின்றது. அக்காள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"தெரியாது" என்றேன். எங்கள் தொழிலில் சரக்கைப் பற்றி யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லாத வார்த்தை.

"அப்ப வாங்க" என்றாள். ஒரு நிமிட வேலை. சட்டைக் கையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது அக்காள் பெஞ்சில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் ஒரு சின்னத் தட்டோடு வெளியே வந்தார். அதில் துவரம்பருப்பளவு ஒரு கறுப்பு ரப்பர். மச்சானுடைய செருப்பின் துணுக்கு. நான்கு நாளாக அது உள்ளே குடியிருந்திருக்கிறது.

"எலும்பைத் தொடல. கால் தப்பிச்சது. இன்னும் ரெண்டு நாள் லேட்டா வந்திருந்தா, இப்ப நாம விரலை எடுக்கறதைப் பத்திப் பேசிக்கிட்டு இருப்போம். இங்க நாலு நாள் இருக்கட்டும். மருந்து ஏத்தணும், சர்க்கரையைக் கட்டுக்குள்ள கொண்டு வரணும். வீட்டுக்குப் போனாலும் மூணு வாரத்துக்கு அவர் வாயைக் கவனிச்சுக்கிட்டே இருங்க. இறுக்கமா இருக்குன்னு சொன்னா போன் பண்ணாதீங்க, போட்டோ அனுப்பாதீங்க, நேரா தூக்கிட்டு வாங்க."

"கவனிக்கறேன்" என்றாள் அக்காள். "இருபது வருஷமா அதைத்தான் கவனிச்சுக்கிட்டு இருக்கேன்."

டாக்டர் சிரித்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல, "அவருக்கு மயக்கம் வர்ற வியாதி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "கால் மரத்துப்போக ஊசியை எடுத்தேன். போடக்கூட இல்ல. எடுத்தேன், அவ்வளவுதான். ஆள் சாஞ்சுட்டார்."

அக்காள் எழுந்து உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

மச்சான் கட்டிலில், கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். பாதம் பெரிய வெள்ளைப் பொட்டலமாகத் தலையணைமேல் கிடந்தது. அக்காள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஊசிக்குப் பயந்தா இத்தனையும்?"

மச்சான் கூரையோடு கொஞ்ச நேரம் ஆலோசனை செய்தார். துரு, ரத்தம், ஐந்து வருடம் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டிருந்தன. கடையில் ஒரே ஒரு சரக்குதான் மிச்சம்.

"ஆமா" என்றார். "சின்ன வயசுலருந்தே. பாத்தாலே கண்ணு இருட்டிக்கும். உனக்கெப்படிச் சொல்றது? தெருவுல எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."

"உங்க பேரு 'பாதி'."

"அதுதான்."

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்றாள் அக்காள். "மூத்தவ பொறந்தப்ப எனக்கு ஊசி போட்டாங்க. கீழ விழுந்தது யாரு? நான் வலியில கத்திக்கிட்டு இருக்கேன், ரெண்டு நர்ஸும் என்னை விட்டுட்டு உங்களத் தூக்க ஓடுனாங்க. 'காலையில சாப்பிடல, அதான்'னு சொன்னீங்க. போனாப் போகுதுன்னு நம்பின மாதிரி இருந்தேன். அன்னிக்கே கேட்டிருக்கணும், என் தப்பு."

அவளுடைய குரல் கடைசியில் உடைந்தது. மச்சான் கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார். நான் சன்னலைப் பார்த்தேன். அலுமினியச் சன்னல், புதுசு. நமக்கு உதவாது.

நர்ஸ் தட்டோடு வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து காவல் ஊசி வந்துவிட்டது. இரண்டு ஊசிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. மச்சானின் கண் அதில் விழுந்ததும், உடம்பு கட்டிலோடு ஒட்டிக்கொண்டது.

"எந்தக் கையில முதல்ல போடலாம்?"

"இப்படிப் பாருங்க" என்றாள் அக்காள். அவர் தாடையைப் பிடித்துத் தன் முகத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அங்க பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

அவர் அவளையும் பார்க்கவில்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அக்காளின் விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்திக்கொண்டு ஒரு பெரிய முனகல் முனகினார்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் பஞ்சுதாங்க வெச்சிருக்கேன்" என்றாள் நர்ஸ்.